வெங்காய ரகங்களை விளைச்சலுக்கும் காய்த் தரத்துக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அறுவடை அன்று தராசில் முந்தும் ரகம், மூன்று மாதம் கழித்துச் சேமிப்புப் பட்டறையைப் பிரிக்கும்போதும் முந்தும் என்று சொல்ல முடியாது. எடை அதிகம் தரும் ரகங்கள் பலவற்றில் காய்க்குள் நீர் அதிகம், திடப்பொருள் குறைவு. அப்படிப்பட்ட காய் வேகமாகப் பருக்கும், வேகமாக அழுகவும் செய்யும். அதனால் விளைச்சலை ஒரு வயலிலும் தரத்தை வேறொரு வயலின் காயிலும் பார்த்துவிட்டு ரகத்தை முடிவு செய்யக் கூடாது. இரண்டையும் ஒரே பாத்தியில் வளர்ந்த ஒரே காயில் அளக்க வேண்டும். அதற்கான வழிதான் இந்தக் கட்டுரை.

பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு தராசு, ஒரு அளவுநாடா, ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு நோட்டு, பொறுமை இவை போதும். முடிந்தால், சாற்றில் கரைந்த திடப்பொருளை அளக்கும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர்.

1. எதற்காக ஒப்பிடுகிறோம்?

நல்ல வெங்காயம் என்பது வாங்குபவரைப் பொறுத்தது. உடனே விற்பவருக்கு நிறமும் ஒரே சீரான அளவும் முக்கியம். சேமித்து விற்பவருக்கு மெல்லிய கழுத்து, இறுக்கமான தோல், தாமதமாக முளைக்கும் குணம் முக்கியம். உலர்த்திப் பொடியாக்கும் ஆலைக்கு நிறத்தையும் அளவையும் விடத் திடப்பொருள் விழுக்காடுதான் பெரிது. பச்சையாகச் சாப்பிட விற்பவருக்குக் காரம் குறைவாக இருக்க வேண்டும்.

இவற்றில் உங்களுக்கு முதன்மையானவை இரண்டு அல்லது மூன்றை நடவுக்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். அறுவடைக்குப் பிறகு எழுதினால், மனதுக்குப் பிடித்த ரகம் ஜெயிக்கிற மாதிரி அளவுகோல் தானாக வளைந்துவிடும்.

2. பகல் நீளம் பொருந்துகிறதா என்று பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டாத ரகத்துக்கு வயலில் இடமே கொடுக்க வேண்டாம். பகல் நீளத்துக்கு ஏற்பச் செடிகளின் வளர்ச்சி மாறுகிறது என்பதை கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920-ல் வெளியிட்டார்கள். வெங்காயம் காய் கட்டுவதும் அப்படித்தான். பகல் ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டியதும், வெப்பமும் ஒத்துழைத்தால், செடி புது இலை விடுவதை நிறுத்திவிட்டு அடியில் காய் கட்டத் தொடங்கும். குறும்பகல் ரகங்களுக்கு ஏறத்தாழ 11 முதல் 12 மணி நேரப் பகல் போதும். இடைப்பகல் ரகங்களுக்கு 12 முதல் 14 மணி நேரமும், நெடும்பகல் ரகங்களுக்கு 14 மணி நேரமும் அதற்கு மேலும் வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நெடும்பகல் ரகத்தை நட்டால் தழை செழித்து நிற்கும், கழுத்து தடிக்கும், காய் கட்டாது. வடக்கே தொலைவில் குறும்பகல் ரகத்தை வசந்தத்தில் நட்டால் நாலு இலை வருவதற்குள் காய் கட்டத் தொடங்கி கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். இரண்டிலும் ரகத்தின் மேல் குறை இல்லை, இடம்தான் பொருந்தவில்லை. இரு குழுக்களையும் ஒரே வயலில் போட்டு ஒப்பிட்டால் அது ரக ஒப்பீடே ஆகாது.

அதே போல, விதையிலிருந்து வளரும் பெரிய வெங்காயத்தையும், காய் ஊன்றி வளர்க்கும் சின்ன வெங்காயத்தையும் ஒரே சோதனையில் கலக்காதீர்கள். வயது, இடைவெளி, காய் கட்டும் விதம் எல்லாமே வேறு.

3. ரகங்களும் விதையும்

முதல் சுற்றுக்கு ஐந்து முதல் எட்டு ரகம் போதும். அவற்றில் ஒன்று, நீங்கள் ஏற்கெனவே பயிரிட்டுப் பழகிய ரகமாக இருக்கட்டும். அதுதான் அளவுகோல். அது இல்லாமல் புது ரகம் நன்றாக வந்தால், ரகம் நல்லதா பருவம் நல்லதா என்று சொல்லவே முடியாது.

குணத்தில் எதிரெதிர் முனையில் இருக்கும் இரண்டு ரகங்களையும் சேர்ப்பது நல்லது. உலக அளவில் தெரிந்த உதாரணம் சொன்னால், டெக்சாஸ் எர்லி கிரானோ 502, ரெட் கிரியோல் இரண்டுமே குறும்பகல் ரகங்கள்தான். முன்னது பெரிய, காரம் குறைந்த காய், சேமிப்பில் சீக்கிரம் கெடும். பின்னது சிறிய, கெட்டியான, காரமான காய், நன்றாகத் தங்கும். இப்படி இரு முனைகள் இருந்தால் மற்றவை எங்கே நிற்கின்றன என்று எளிதாகப் புரியும்.

வீரிய ஒட்டு ரகமா, சாதாரண ரகமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1925-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஹென்றி ஜோன்ஸ், இத்தாலியன் ரெட் என்ற ரகத்தில் மகரந்தம் உண்டாகாத ஒரு செடியைக் கண்டார். வெங்காயத்தில் ஒட்டு விதை பெரிய அளவில் உற்பத்தி ஆனதற்கு அந்த ஒற்றைச் செடிதான் வழி திறந்தது. ஒட்டு ரகத்தில் செடிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், தாளும் (இலைகளும்) ஒரே நேரத்தில் சாயும். சாதாரண ரகத்தில் செடிக்குச் செடி வேறுபாடு இருக்கும். அதனால் சராசரியை நம்ப வேண்டுமானால் அதிகச் செடிகளை அளக்க வேண்டும். பத்துக் காயை எடுத்து அளந்துவிட்டு முடிவுக்கு வந்தால் சாதாரண ரகத்துக்கு அநியாயம் செய்வதாகிவிடும்.

வெங்காய விதை சீக்கிரம் உயிர் இழக்கும் விதை. சாதாரண அறையில் ஓரிரு ஆண்டுகளிலேயே முளைப்புத் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். எனவே எல்லா ரகமும் புது விதையாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 100 விதையை ஈரத்தாளில் சுருட்டி வைத்து 12-ம் நாள் எண்ணுங்கள். 60 மட்டுமே முளைத்த ரகத்துக்கு அதற்கேற்ப விதையைக் கூட்டிப் போட வேண்டும். சின்ன வெங்காயத்தில் விதைக்காயின் அளவே விளைச்சலை மாற்றும். பெரிய விதைக்காய் அதிகக் கிளை விடும். எல்லா ரகத்துக்கும் ஒரே எடை வரம்பில் விதைக்காயைப் பொறுக்கி எடுங்கள்.

4. வயலைப் பிரிப்பது

எந்த வயலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மாதிரி இருப்பதில்லை. வாய்க்கால் பக்கம் ஈரம் அதிகம், மரத்தடியில் வெயில் குறைவு, எரு கொட்டிய மூலை வளம் கூடுதல். இதைச் சமாளிக்க இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் வகுத்த முறையைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். வயலைத் தொகுதிகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகத்தையும் ஒருமுறை வைப்பது, எந்த ரகம் எந்தப் பாத்தி என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வது. அவ்வளவுதான்.

நான்கு தொகுதி வைத்தால் நல்லது, மூன்றுக்குக் குறைந்தால் பயனில்லை. வளம் அல்லது ஈரம் எந்தத் திசையில் மாறுகிறதோ, அதற்குக் குறுக்கே தொகுதிகளை வெட்டுங்கள். அப்போதுதான் ஒரு தொகுதிக்குள் இருக்கும் பாத்திகள் ஏறக்குறைய ஒரே நிலத்தில் இருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாகச் சீட்டுப் போட வேண்டும். முதல் தொகுதியின் வரிசையையே மற்றதிலும் நகலெடுத்தால் ஒரே ரகம் எப்போதும் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும்.

பாத்தி அளவு: 15-க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு 66 செடி வரும். அளக்கும் பகுதி 3 சதுர மீட்டர் இருந்தால் கிட்டத்தட்ட 200 செடி. இது போதுமான எண்ணிக்கை. அதைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு வரிசை கூடுதலாக நட்டு, அறுவடையில் அந்த வரிசையை ஒதுக்கிவிடுங்கள். ஓரச் செடிக்கு வெளிச்சமும் இடமும் அதிகம் என்பதால் அதன் காய் எப்போதும் பெரிதாகவே இருக்கும்.

பாத்தியில் ரகத்தின் பெயரை எழுதாமல் எண் மட்டும் குத்தி வையுங்கள். எந்த எண் எந்த ரகம் என்ற தாள் வீட்டில் இருக்கட்டும். பெயர் தெரிந்தால் கண் அதற்கேற்பப் பார்க்கும். மதிப்பெண் போடுகிற எல்லா வேலையிலும் இந்த மறைப்பு உதவும்.

5. நாற்றும் நடவும்

எல்லா ரகத்தையும் ஒரே நாளில், ஒரே நெருக்கத்தில் விதையுங்கள். நெருக்கி விதைத்த ரகத்தின் நாற்று மெலிந்து வரும். அந்தக் குறை கடைசி வரை நீங்காது. ஆறு முதல் எட்டு வாரத்தில் நடலாம். நடும்போது ஒரே பருமனுள்ள நாற்றைத் தேர்ந்தெடுங்கள். பென்சிலைவிடத் தடித்த நாற்று, பின்னால் குளிர் வந்தால் பூத்தண்டு விட்டுவிடும். ஒரு தொகுதியை ஒரே நாளில் நட்டு முடிக்க வேண்டும். வேலை மிச்சம் இருந்தால் அடுத்த தொகுதியை மறுநாள் நடலாம், பாதித் தொகுதியில் நிறுத்தக் கூடாது.

உரம், நீர், களை, மருந்து எல்லாம் எல்லாப் பாத்திக்கும் ஒன்றுபோல இருக்கட்டும். கந்தகத்தில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். வெங்காயத்தின் காரத்துக்கு அடிப்படை கந்தகச் சேர்மங்கள். ஒரு பாத்திக்கு அம்மோனியம் சல்பேட்டும் இன்னொன்றுக்கு யூரியாவும் போட்டால், பிறகு காரத்தில் தெரியும் வேறுபாடு ரகத்தால் வந்ததா உரத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

நட்ட பத்து நாளுக்குள் செத்த இடத்தை நிரப்பலாம். அதற்குப் பிறகு நிரப்பாதீர்கள். 30-ம் நாள் ஒவ்வொரு பாத்தியிலும் உயிரோடு இருக்கும் செடியை எண்ணி எழுதுங்கள்.

6. வளரும்போது கவனிக்க வேண்டியவை

பூத்தண்டு விட்ட செடி எத்தனை, கழுத்து தடித்து நிற்பவை எத்தனை, ஊதா நிற இலைப்புள்ளி எந்த அளவுக்கு, இலைப்பேன் தாக்கிய வெள்ளித் தழும்பு எந்த அளவுக்கு. நோய்க்கும் பூச்சிக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போதும். ஆனால் ஒரே ஆள், ஒரே நாளில், எல்லாப் பாத்திக்கும் போட வேண்டும்.

7. அறுவடை நாள்

ரக ஒப்பீடுகள் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். வசதிக்காக எல்லா ரகத்தையும் ஒரே நாளில் பிடுங்கிவிடுகிறார்கள். அன்று முன்வயது ரகம் ஏற்கெனவே முதிர்ந்து தோல் உதிரத் தொடங்கியிருக்கும். பின்வயது ரகம் இன்னும் காய் பருத்துக்கொண்டிருக்கும். முதலாவதின் சேமிப்பும் இரண்டாவதின் விளைச்சலும் ஒரே வீச்சில் அடிபடும்.

ஒவ்வொரு ரகத்தையும் அதன் சொந்த முதிர்ச்சியில் பிடுங்குங்கள். பாத்தியில் பாதிக்கு மேல், முக்கால் பங்கு வரை தாள் கழுத்தில் மடிந்து தானாகச் சாய்ந்திருந்தால் அதுதான் நாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வயலைச் சுற்றிச் சாய்ந்த தாளை எண்ணி வர வேண்டும். தாளை மிதித்துச் சாய்க்க வேண்டாம். காற்றிலோ நோயிலோ சாய்ந்ததும் கணக்கில் வராது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பிடுங்குவதற்கு 10 முதல் 15 நாள் முன்பு நீரை நிறுத்த வேண்டும். ஒரே வாய்க்காலில் முன்வயதும் பின்வயதும் கலந்து கிடந்தால், ஒன்றுக்கு நிறுத்தும்போது மற்றது காயும். அதனால் ரகங்களின் வயது வித்தியாசம் மூன்று வாரத்துக்கு மேல் போகும் என்று முன்பே தெரிந்தால், முன்வயது ரகங்களை ஒரு சோதனையாகவும் பின்வயது ரகங்களை இன்னொரு சோதனையாகவும் பிரித்துவிடுவது மேல். பழகிய ரகம் இரண்டிலும் இருக்கட்டும்.

பிடுங்கிய காயை, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி வயலில் அடுக்கி, மூன்று முதல் ஐந்து நாள் விடுங்கள். பிறகு கழுத்தில் இரண்டு, இரண்டரை செ.மீ. விட்டுத் தாளை அறுத்து, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை உலர்த்துங்கள். கழுத்தை விரலால் உருட்டினால் ஈரம் தெரியக் கூடாது. எடை போடுவது இதற்குப் பிறகுதான். ஈரக் கழுத்தோடு எடை போட்டால் தடித்த கழுத்து ரகத்துக்கு இல்லாத லாபம் கிடைக்கும்.

8. எடை போடுவது

முதலில் பாத்தியின் மொத்த எடை. பிறகு பிரியுங்கள்: விற்கத் தக்கது, இரட்டைக் காய், பிளந்தது, பூத்தண்டுக் காய், தடித்த கழுத்து, அழுகல், மிகச் சிறியது. ஒவ்வொன்றையும் தனியாக எடை போட்டு எழுதுங்கள். வெறுமனே ‘கழிவு’ என்று மொத்தமாக எழுதினால் பயனில்லை. பூத்தண்டால் கழிந்த ரகத்தை நடவு நாளை மாற்றிக் காப்பாற்றலாம். இரட்டைக் காயால் கழிந்த ரகத்தை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது.

விற்கத் தக்கதைக் காயின் விட்டத்தை வைத்து மூன்றாகப் பிரித்து அவற்றையும் எடை போடுங்கள். வரம்புகளை உங்கள் வாங்குபவர் கேட்கும் அளவிலிருந்து எடுங்கள். சின்ன வெங்காயத்தில் ஒரு குத்துக்கு எத்தனை காய், ஒரு காயின் சராசரி எடை என்ன என்பதையும் சேருங்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டருக்குக் கிடைத்த கிலோவைப் பத்தால் பெருக்கினால் ஹெக்டேருக்கு டன். 3 சதுர மீட்டரில் 9 கிலோ என்றால் ஹெக்டேருக்கு 30 டன்.

பாத்தியில் செடி குறைந்திருந்தால், ‘முழுச் செடியும் இருந்திருந்தால்’ என்று விகிதக் கணக்குப் போட்டு எடையை ஏற்றாதீர்கள். காலி இடத்துக்குப் பக்கத்துச் செடி அந்த இடத்தையும் பயன்படுத்திப் பெரிய காய் கட்டியிருக்கும். ஏற்றினால் இரண்டு முறை எண்ணியதாகிவிடும். கால் பங்குக்கு மேல் செடி போன பாத்தியை நீக்கிவிட்டு, நீக்கியதை எழுதிவையுங்கள்.

9. காயின் தரம்

ஒவ்வொரு பாத்தியிலிருந்தும், விற்கத் தக்க குவியலில் கண்ணை மூடிக்கொண்டு 20 காய் எடுங்கள். அழகான காயாகப் பொறுக்குவது இயல்பு, அதைத் தடுக்கத்தான் இது.

காலிப்பரில் உயரம், அகலம், கழுத்துப் பருமன் மூன்றும் அளங்கள். உயரத்தை அகலத்தால் வகுத்தால் 1-க்குப் பக்கத்தில் வருவது உருண்டை, குறைந்தால் தட்டை, கூடினால் நீளம். கழுத்து எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம் மூடும், கழுத்து வழியே நுழையும் அழுகலும் குறையும். தோல் எத்தனை அடுக்கு மிஞ்சியிருக்கிறது, விரலால் அழுத்தினால் இளகுகிறதா என்பதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

அப்புறம் குறுக்கே இரண்டாக வெட்டிப் பாருங்கள். நடுவில் ஒரே மையம் இருக்கிறதா, இரண்டு மூன்று இருக்கிறதா? வளையமாக வெட்டி விற்பவருக்கு ஒற்றை மையம் பெரிய விஷயம்.

வெட்டிய காயின் சாற்றில் ஒரு துளியை ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் பிரிக்ஸ் அளவு கிடைக்கும். இதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். பிரிக்ஸ் அதிகம் என்றால் இனிப்பு அதிகம் என்று நினைக்கிறார்கள். வெங்காயத்தில் அப்படி இல்லை. பிரிக்ஸ் காட்டுவது கரைந்த திடப்பொருள் மொத்தத்தையும். அதில் பெரும்பங்கு ஃப்ரக்டான் என்ற சேமிப்புச் சர்க்கரையாக இருக்கலாம், அதற்கு இனிப்பு மிகக் குறைவு. இனிப்பு வெங்காயம் என்று விற்பவற்றின் பிரிக்ஸ் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். காரம் குறைவாக இருப்பதால்தான் அவற்றின் இனிப்பு நாக்குக்குத் தெரிகிறது. பிரிக்ஸ் நமக்கு உதவுவது வேறு இடத்தில்: கெட்டித்தன்மை, சேமிப்பு, உலர்த்தலுக்கு ஏற்ற தன்மை ஆகியவற்றை முன்கூட்டியே ஊகிக்க. உறுதி செய்ய வேண்டுமானால், எடை போட்ட வெங்காயத் துண்டுகளை 70 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தித் திடப்பொருளைக் கணக்கிடலாம்.

காரத்தை அளக்கும் ஆய்வக முறை ஷ்விம்மர், வெஸ்டன் இருவரும் 1961-ல் கொடுத்தது. வெங்காயத்தை நசுக்கும்போது நொதி வேலை செய்து காரப் பொருளோடு பைருவிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலத்தை அளந்தால் காரம் தெரியும். ஆய்வக வசதி இல்லாவிட்டால் சுவைத்துப் பார்க்கலாம். சில பேரை உட்கார வைத்து, எண் மட்டும் தெரியும்படி கொடுங்கள். மூன்று நான்கு துண்டுக்குப் பிறகு நாக்கு மரத்துவிடும், மீதியை மறுநாள் வையுங்கள்.

10. சேமிப்பில் வைத்துப் பார்ப்பது

ஒவ்வொரு பாத்தியின் விற்கத் தக்க காயிலிருந்தும், அளவு பார்க்காமல் 5 கிலோ எடுத்து வலைப்பையில் போட்டு, எல்லாப் பையையும் ஒரே இடத்தில் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை எடை போடுங்கள். அழுகியதையும் முளைத்ததையும் தனித்தனியாக எடுத்து எடை போட்டு, திரும்பப் பையில் போடாமல் விடுங்கள். மிச்சக் குறைவு நீர் வற்றியது. இந்த மூன்றும் ஏன் தனித்தனியாக வேண்டும் என்றால், மூன்றுக்கும் காரணம் வேறு. அழுகல் கழுத்தையும் உலர்த்தலையும் பொறுத்தது, முளைப்பு ரகத்தின் உறக்கக் காலத்தைப் பொறுத்தது, நீர் வற்றுவது தோலைப் பொறுத்தது.

வைக்கும் இடத்தின் வெப்பத்தையும் குறியுங்கள். 10 முதல் 15 டிகிரியில் வெங்காயம் வேகமாக முளைக்கும். 0 டிகிரியை ஒட்டியும், 25 முதல் 30 டிகிரியிலும் முளைப்பு தாமதமாகும்.

11. எண்களைப் படிப்பது

சராசரி மட்டும் பார்த்தால் ஏமாற்றும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பழகிய ரகம் நான்கு தொகுதியிலும் 9.2, 8.6, 9.8, 8.4 கிலோ கொடுத்தது. சராசரி 9.0. ரகம் ஆ கொடுத்தது 9.9, 9.1, 10.6, 9.0. ரகம் இ கொடுத்தது 11.4, 8.0, 10.2, 9.0. இரண்டுக்கும் சராசரி 9.65 தான். ஆனால் ரகம் ஆ ஒவ்வொரு தொகுதியிலும் 0.5 முதல் 0.8 கிலோ வரை முந்தியிருக்கிறது. ரகம் இ முதல் தொகுதியில் 2.2 கிலோ முந்தி, இரண்டாவதில் பின்தங்கியிருக்கிறது. ஒரு நல்ல பாத்தி அதைத் தூக்கிவிட்டிருக்கலாம். ரகம் ஆ மேல் நம்பிக்கை வைக்கலாம், ரகம் இ பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது. புள்ளியியல் தெரிந்தவர் மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்து இதையே எண்ணாகத் தருவார். தெரியாவிட்டாலும் தொகுதிவாரியாகக் கழித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் பெரும்பாலான தவறான முடிவுகளிலிருந்து காப்பாற்றும்.

அடுத்து, விளைச்சலையும் தரத்தையும் ஒரே எண்ணாக்குவது. என் கருத்தில் மதிப்பெண் கூட்டுவதைவிட ‘கடைசியில் விற்க மிஞ்சியது’ என்று கணக்கிடுவதே தெளிவு. ஒரு ரகம் ஹெக்டேருக்கு 36 டன், தரம் பிரித்ததில் 15 விழுக்காடு கழிவு, மிச்சம் 30.6 டன். சேமிப்பில் 40 விழுக்காடு போனால் 18.4 டன். இன்னொரு ரகம் 30 டன் மட்டும், கழிவு 6 விழுக்காடு, மிச்சம் 28.2 டன். சேமிப்பில் 18 விழுக்காடு போனால் 23.1 டன். அறுவடை அன்று 6 டன் பின்தங்கிய ரகம் கடைசியில் ஏறத்தாழ 5 டன் முந்திவிட்டது. உடனே விற்பவருக்கோ 30.6 டன் தரும் முதல் ரகமே மேல். முதல் படியில் எழுதிவைத்த அளவுகோல் இங்கேதான் தீர்ப்புச் சொல்லும்.

12. அடுத்த பருவம்

ஒரு பருவத்து முடிவை வைத்து முழு நிலத்தையும் மாற்ற வேண்டாம். மழை, குளிர், காய் கட்டும் சமயத்து வெப்பம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு ரகம் குளிர்காலத்தில் முதலிடமும் மழைக்காலத்தில் கடைசியிடமும் பிடிக்கலாம். தெளிவாகத் தோற்ற ரகங்களை மட்டும் நீக்கிவிட்டு, மிச்சமுள்ள இரண்டு மூன்றைப் பழகிய ரகத்தோடு சேர்த்து, பெரிய பாத்திகளில் அதே பருவத்தில் இன்னொரு முறை நடுங்கள். இந்த முறை இரண்டு வேறு இடைவெளிகளில் வைத்துப் பார்க்கலாம். நெருக்கி நட்டால் மொத்த எடை கூடி, காய் சிறுக்கும். சில ரகங்கள் அந்த நெருக்கத்தைத் தாங்கி நல்ல அளவுக் காயே தரும். ஒரே இடைவெளியில் நடந்த முதல் சுற்றில் அந்தக் குணம் தெரிந்திருக்காது.